ரோஜாக் குடும்பத்தில் ஒரு பொய்

பிரான்சி மேஜை மேல் மூன்று பொருட்களை வரிசையாக வைத்தாள். ஒரு சின்ன ஃபிளாஸ்க், ஒரு பாஸ்போர்ட், ஒரு செல்போன்.

"ஃபோன் என்னோடது. மத்த ரெண்டும் என் பொண்ணு ஆன்சியோடது. அவ கனடா போயிட்டாளாம் மேடம். பாஸ்போர்ட்டைப் பீரோவுல வச்சிட்டு எப்படிப் போவா?"

மஜீதா ஃபிளாஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"இதுல என்னக்கா இருக்கு?"

"இன்சுலின். ஒன்பது வயசுலேர்ந்து ஊசி போட்டுத்தான் உயிரோட இருக்கா. சனிக்கிழமை ராத்திரி போட்டதுதான் கடைசி. நேத்து காலைல, பூசை முடிஞ்சு வந்து ஊசி போட்டுக்கிட்டு சாப்பிடறேம்மான்னு சொல்லிட்டு கோயிலுக்குப் போனா. வரவே இல்ல."

மஜீதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை, மதியம் ஒன்றே முக்கால். கீழே மன்னார்புரம் ஜங்ஷனில் பஸ்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகத்தில் பதினொரு வருஷமாக எத்தனையோ பேர் வந்து அழுதிருக்கிறார்கள். பிரான்சி அழவில்லை. அதுதான் மஜீதாவை என்னவோ செய்தது.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வாங்க, அதுக்கு மேல என்னால எதுவும் சொல்ல முடியாதுன்னுட்டார்."

"போலீஸ்?"

"நேத்தே எழுதிக் கொடுத்தாச்சு. இன்னிக்கு பதினோரு மணிக்கு இந்த மெசேஜ் வந்ததும் அதையும் காட்டினேன். அவ ஃபோன் அஞ்சு நிமிஷம்தான் ஆன்ல இருந்ததாம். டவர் விவரம் வரட்டும்னு காத்திருக்காங்க."

ஜன்னல் ஓரம் நின்ற டோனி செல்போனை எடுத்தார். ஐம்பத்து நான்கு வயது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இருபத்தெட்டு வருஷம் ரயில் பெட்டிகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மஜீதாவுக்கு உதவியாளராக வந்தவர். பிரான்சியின் காலமான கணவர் அவரோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். ஆன்சியின் ஞானஸ்நானத்துக்கு டோனிதான் கேக் வெட்டினார். இன்றைக்கு அவருக்கு வேடிக்கை பேசும் மனசில்லை. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் ஓடியது.

"கண்ணாடி போடாம படிக்கிறேன், தப்பிருந்தா மன்னிச்சிடுங்க," என்று படித்தார்.

"'அம்மா, நான் கனடா வந்து சேர்ந்துட்டேன். நல்ல வேலை. தேடாதீங்க. நான் வேலை பார்த்த கருப்பு சோக்பெர்ரிக்கு இதுதான் பூர்வீகம். ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருக்கற தீவு மண்ணுலதான் அது வளரும். இப்ப இது மியூசேசி குடும்பம். அதுக்கு முன்னாடி பாண்டனேசி. அதுக்கும் முன்னாடி லித்ரேசி. நாதன் சார்கிட்ட சொல்லிடுங்க, சந்தோஷப்படுவார். ஆன்சி.' மேடம், பெத்த தாய்க்கு எழுதற லெட்டரா இது? மியூசேசியாம். மியூசியத்துக்கு மனு எழுதின மாதிரில்ல இருக்கு."

"சோக்பெர்ரின்னா என்ன?" என்றாள் மஜீதா.

"ஒரு பழம்," என்றாள் பிரான்சி. "ஆன்சி கருங்கனின்னு ஒரு கம்பெனியில வேலை பாக்கறா. பாட்டனி படிச்ச பொண்ணுல்ல, வர்ற பழத்தைப் பார்த்துத் தரம் சொல்றது அவ வேலை. சுகர்க்காரங்களுக்குன்னு அந்தப் பழத்தைப் பொடி பண்ணி விக்கிறாங்க. முதலாளி பெனடிக்ட் சார் நல்ல மனுஷர். நேத்துலேர்ந்து நாலு தடவை ஃபோன் பண்ணிட்டார். கனடா போற ஆசையை அவர்கிட்டயும் சொல்லியிருந்தாளாம்."

"நாதன் சார் யாரு?"

"காலேஜ்ல அவளுக்குப் பாடம் எடுத்தவர். இருதயநாதன். ரிட்டயராகி புத்தூர்ல இருக்கார்."

"இந்த மெசேஜை அவருக்குச் சொன்னீங்களா?"

பிரான்சி இல்லையென்று தலையை ஆட்டினாள். "எங்க மேடம், கையும் ஓடல, காலும் ஓடல."

மஜீதா அடுத்த நிமிஷமே இருதயநாதனுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். டோனி மறுபடி படித்தார். மறுமுனையில் கிழவர் லித்ரேசி வந்ததும் குறுக்கிட்டார்.

"நிறுத்துங்க. இதை ஆன்சி எழுதினாளா?"

"அவ நம்பர்லேர்ந்துதான் வந்திருக்கு சார்."

"பூர்வீகத்தைத் தவிர அத்தனையும் தப்பு. சோக்பெர்ரிக்கு எங்க பேரு அரோனியா மெலனோகார்ப்பா. ரோஜாக் குடும்பத்துச் செடி. ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் பங்காளி. வட அமெரிக்காவோட கிழக்குப் பக்கம்தான் அதுக்குப் பூர்வீகம். கனடாவுல பெரிய ஏரிகள் பக்கத்துலேர்ந்து கீழ அப்பலாச்சியன் மலை வரைக்கும் பரவிக் கிடக்கு. தீவு மண்ணுல மட்டும்னு எவன் சொன்னான்? சதுப்புலயும் நிக்கும், பாறையிலயும் நிக்கும்."

"குடும்பம் மாறிட்டே வந்துச்சுன்னு எழுதியிருக்காளே சார்?"

"பேர்தான் மாறிச்சு. ஒருத்தர் பைரஸ்னு பேரிக்காயோட சேர்த்தார். இன்னொருத்தர் ஃபோட்டினியான்னார். கடைசியில அரோனியாவுக்கே திரும்பி வந்தாச்சு. வீட்டுக்குள்ள அறை மாறின கதை அது. ரோஜாக் குடும்பத்தை விட்டு வெளியில போனதே கிடையாது. இந்தச் செடியை வச்சு ஒரு வருஷம் ப்ராஜெக்ட் பண்ணின பொண்ணு இதுல தப்பு பண்ண மாட்டா."

மஜீதாவின் முதுகு நிமிர்ந்தது.

"அப்ப தெரிஞ்சே எழுதியிருக்கா. பக்கத்துல எவனோ நின்னு எழுதச் சொல்லியிருக்கான். அவனுக்குச் செடி தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதான் உங்க பேரைப் போட்டிருக்கா. சார், அந்த மூணு குடும்பமும் என்ன?"

"மியூசேசின்னா வாழை. பாண்டனேசி தாழை. லித்ரேசி..." ஒரு கணம் யோசித்தார். "நம்ம ஊர்ல லித்ரேசின்னா முதல்ல மருதாணி."

"வாழை, தாழை," என்றார் டோனி. "அடுத்து கோழைன்னு வரும்னு பார்த்தேன், மருதாணியில முடிச்சிட்டா. எதுகை மோனை போச்சு."

"டோனி அண்ணே, ரெண்டு ஆத்துக்கு நடுவுல தீவு. எங்க?"

டோனியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "ஸ்ரீரங்கம்," என்றார். "காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல."

ஃபோனில் இருதயநாதனின் குரல் தணிந்து வந்தது. "அம்மா, ஒன்னு கேட்கணும். அந்தக் கம்பெனிக்குப் பழம் எங்கேர்ந்து வருதாம்?"

"கொல்லிமலைத் தோட்டத்துலேர்ந்துன்னு பாட்டில்ல போட்டிருக்கு சார்," என்றாள் பிரான்சி.

"கொல்லிமலையிலயா? மாசக்கணக்கா கடுங்குளிர்ல கிடந்தாத்தான் அந்தச் செடி சரியா பூக்கும். அங்க காய்க்கறது என்னவா வேணா இருக்கட்டும், அரோனியா இல்ல."

மஜீதா ஸ்பீக்கரை அணைத்தாள். அவள் மனசில் பெனடிக்டின் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. ஆனால் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்தபோது, இப்போதைக்கு இதையும் சேர்த்து அவள் தலையில் ஏற்ற வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். அன்று மஜீதா செய்த பெரிய தப்பு அதுதான்.

டோனியின் வேன் காவேரிப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு ஆமையாக ஊர்ந்தது. வெயிலில் இரும்பு கொதித்தது.

"இது ஓடற வேன் இல்ல மேடம், ஓட வேண்டிய வேன்," என்றார் டோனி. யாரும் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

மஜீதா முன் சீட்டில் இன்ஸ்பெக்டரோடு ஃபோனில் பேசினாள். அவர் விமான நிலையப் பக்கம் இருந்தார். செய்தியின் அர்த்தத்தைக் கேட்டதும் மறுபேச்சு பேசவில்லை. "கிளம்பிட்டேன், முக்கால் மணி நேரம் ஆகும், இடம் தெரிஞ்சா சொல்லுங்க," என்றார். பின் சீட்டில் பிரான்சியும் யாரோடோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள் யாராவது இருக்கும் என்று மஜீதா நினைத்தாள்.

தீவு என்றால் சின்னதா? அம்மா மண்டபத்திலிருந்து மேலூர் வரைக்கும் வாழைதான். மருதாணி இல்லாத தெரு கிடையாது. அதனால் மஜீதா நடுவில் இருந்ததைப் பிடித்தாள். தாழை. தாழம்பூ எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்கும் இடம் யாருக்குத் தெரியும்? விற்கிறவர்களுக்கு.

ஸ்ரீரங்கம் கோயில் மதிலை ஒட்டிய தெருவில் பூக்கூடைகளுக்கு நடுவே காளியாயி உட்கார்ந்திருந்தாள். மடியில் துளசி, வாயில் வெற்றிலை. டோனிக்குத் தெரிந்தவள்.

"தாழம்பூவா? சீசன்ல வா."

"பூ வேணாம்க்கா. புதர் எங்க இருக்குன்னு சொல்லு போதும்," என்றார் டோனி.

"நாப்பது வருஷத் தொழில் ரகசியத்தை வெறுங்கையோட கேக்கறியே."

பிரான்சி வேனிலிருந்து இறங்கி வந்தாள். காளியாயியின் முன்னால் நடுத்தெருவில் மண்டியிட்டாள். "என் பொண்ணு அங்க இருக்கா. இன்னும் ரெண்டு மணி நேரத்துல செத்துடுவா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

காளியாயி வெற்றிலையைத் துப்பினாள். பிரான்சியின் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"எந்திரி தாயி. மேலூர் தாண்டி மண்பாதை ஒன்னு கொள்ளிடக் கரைக்குப் போவுது. ரெண்டு பக்கமும் வாழைத் தோப்பு. தோப்பு முடிஞ்சா தாழம்புதர், ஆள் உயரத்துக்கு."

"பக்கத்துல மருதாணி இருக்கா?" என்றாள் மஜீதா.

"உனக்கு எப்படித் தெரியும்? புதரைத் தாண்டிப் போனா ஒரு பாழடைஞ்ச பங்களா. சுத்தி மருதாணிதான் வேலி. ஆள் கிடையாது."

மஜீதா விரல் விட்டு எண்ணினாள். வாழை, தாழை, மருதாணி. எழுதியிருந்த அதே வரிசை.

மண்பாதையில் திரும்பி அரைக் கிலோமீட்டர் போவதற்குள் வேனின் முன்பக்கத்திலிருந்து புகை கிளம்பியது. டோனி தலையில் அடித்துக்கொண்டு நிறுத்தினார். பாதையோரம் வாழைகளுக்கு நடுவே ஒரு மோட்டார் கொட்டகை. செங்கல் சுவர், இரும்புக் கதவு, பெரிய பூட்டு. வெளியே தண்ணீர்த் தொட்டி. டோனி வாளியில் மொண்டு ஓடி ஓடி ஊற்றினார். ஏழு நிமிஷம் போனது. பிரான்சி ஃபிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். உதடுகள் மட்டும் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தன.

தாழம்புதர் காளியாயி சொன்ன இடத்திலேயே இருந்தது. அதன் ஓரம் ஈர மண்ணில் கார் டயரின் தடம், ஒரு பிஸ்கட் உறை. தாண்டியதும் மருதாணி வேலி. மஜீதா வேன் நிற்கும் முன்பே குதித்தாள்.

பங்களாவின் பின்கதவு சும்மா சாத்தியிருந்தது. முதல் அறையில் வௌவால் நாற்றம். இரண்டாவது அறையில் ஒரு பாய், காலியான தண்ணீர் பாட்டில்கள் மூன்று, நான்கு. ஓரத்தில், பூசைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் வெள்ளை லேஸ் துணி சுருண்டு கிடந்தது.

"ஆன்சி!" பிரான்சியின் குரல் வீடு முழுக்க மோதித் திரும்பியது. "ஆன்சி! அம்மாடி!"

பதில் இல்லை. மூன்றாவது அறையில் சாக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன. டோனி ஒன்றைக் கிழித்தார். காய்ந்து கறுத்த சின்னச் சின்னப் பழங்கள் கொட்டின. நடுநடுவே பச்சையாகவே காய்ந்த காய்கள். ஒரு காம்பில் சொரசொரப்பான இலை ஒட்டியிருந்தது.

"இது உண்ணிச்செடி மேடம்," என்றார். "பொன்மலை ரயில் லைன் ஓரமெல்லாம் மண்டிக் கிடக்கும். இதையா சோக்பெர்ரின்னு விக்கிறான்? காயை ஆடு தின்னாலே சுருண்டுடுமே."

சாக்கின் மேல் அச்சடித்திருந்தது: கருங்கனி.

பிரான்சி அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சுவரில் சரிந்து உட்கார்ந்தாள்.

"நான் அவர்கிட்ட சொல்லிட்டேனே," என்றாள்.

"யார்கிட்டக்கா?"

"பெனடிக்ட்கிட்ட. பாலத்துல வரும்போது அவரே ஃபோன் பண்ணினார். ஸ்ரீரங்கத்துலதான் இருக்காளாம், தேடிப் போறோம், ஜெபம் பண்ணிக்கோங்க சார்னு சொல்லிட்டேனே மேடம்!"

மஜீதா தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த அம்மாவின் மேல் என்ன தப்பு? அலுவலகத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரக்கப்பட்டு மறைத்தது இப்போது அந்தப் பெண்ணின் கழுத்தில் கத்தியாக நின்றது. மணி மூன்று ஐம்பது. அவன் ஊரிலிருந்து கிளம்பியிருந்தால் இந்நேரம் தீவுக்குள் இருப்பான்.

"யோசிங்க மேடம்," என்றார் டோனி. அவர் கண்கள் கலங்கியிருந்தன. "நீங்க யோசிச்சே ஆகணும். எனக்கு வாய் மட்டும்தான் உண்டு, அதுவும் இப்ப வேலை செய்யல."

மஜீதா செய்தியை மறுபடி திறந்தாள். ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். வாழை, தாழை, மருதாணி என்று வழி சொல்லியிருக்கிறாள் என்று நினைத்து வந்தோம். வழிதானா இது? பாயும் லேஸ் துணியும் அவள் இங்கே இருந்ததைச் சொல்கின்றன. இருந்தாள். இப்போது இல்லை.

"அண்ணே, நாம வரிசையைப் பார்த்தோமே தவிர வார்த்தையைப் பார்க்கல," என்றாள். குரல் கிரீச்சிட்டது. "'இப்ப' இது மியூசேசி. அதுக்கு 'முன்னாடி' பாண்டனேசி. அதுக்கும் 'முன்னாடி' லித்ரேசி. இன்னைய பேரை முதல்ல எழுதிட்டு பழைய பேரை எல்லாம் பின்னால எழுதியிருக்கா. முதல்ல கொண்டுவந்து அடைச்சது இந்த மருதாணி வீட்டுல. அப்புறம் தாழம்புதர் ஓரம் கார்ல வச்சிருந்தான். மெசேஜ் அனுப்பும்போது அவ இருந்தது..."

"வாழை," என்றார் டோனி. வாளியும் தொட்டியும் இரும்புக் கதவும் அவர் கண் முன்னால் வந்து நின்றன. "ஐயோ மேடம். அந்த மோட்டார் கொட்டகை."

"பத்தடியில உட்கார்ந்திருந்தேனே," என்று பிரான்சி முனகினாள். "என் பிள்ளைக்குப் பத்தடியில உட்கார்ந்து ஜெபம் சொன்னேனே!" அடுத்த நொடி எழுந்து வேனை நோக்கி ஓடினாள். மற்ற இருவரும் அவளைப் பிடிக்க முடியவில்லை.

மஜீதா ஓடிக்கொண்டே இன்ஸ்பெக்டருக்கு இடத்தைச் சொன்னாள். அவர் பாலம் தாண்டியிருந்தார். கையோடு நூற்றெட்டுக்கும் சொன்னாள்.

கொட்டகையின் இரும்புக் கதவில் மூன்று பேரும் மாறி மாறி அடித்தார்கள். உள்ளே சத்தமில்லை. கதவுக்கும் தரைக்கும் இடையே இருந்த சந்தில் பிரான்சி படுத்துப் பார்த்தாள். "கால் தெரியுது. அவ கால்தான். அசையல மேடம், அசையல!"

டோனி ஜாக்கிக் கம்பியைப் பூட்டுக்குள் விட்டு நெம்பினார். கம்பி வளைந்தது. மறுபடி நெம்பினார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. பூட்டு அசையவில்லை. செங்கல் சுவர் ஒன்றரை அடி கனம்.

அப்போதுதான் பாதையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர் இறங்கினார். கதவருகே மூன்று பேரைக் கண்டதும் ஒரு கணம் தயங்கி, பிறகு கைகளை விரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"பிரான்சியம்மா! கிடைச்சிட்டாளா? ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நானும் தேடித்தான் வந்தேன். ஐயோ, பூட்டியிருக்கா? யார் செஞ்ச வேலை இது?"

பெனடிக்ட். பிரான்சி அவர் மேல் பாய இருந்தாள். மஜீதா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அவரைக் குற்றம் சாட்டி, அவர் மறுத்து, வாதம் பண்ண இப்போது நேரம் இல்லை. உள்ளே ஒரு உயிர் போய்க்கொண்டிருந்தது. அதனால் மஜீதா அவசரத்தில் இருக்கிற எவரும் பேசுகிற மாதிரி, கை நீட்டி, சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

"உடைக்க முடியல சார். சீக்கிரம், சாவியைக் கொடுங்க."

பெனடிக்டின் வலது கை தானாகப் பேண்ட் பாக்கெட்டுக்குப் போனது. பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது. கை அங்கேயே நின்றது. அதற்குள் டோனி அந்தக் கையைப் பிடித்துவிட்டார். இருபத்தெட்டு வருஷம் இரும்பைப் பிடித்த பிடி அது. சாவி மண்ணில் விழுந்தது.

கதவு திறந்தது. ஆன்சி மோட்டாருக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. மூச்சு ஆழமாக, வேகமாக, யாரோ துரத்துகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. வாயிலிருந்து அழுகிய பழத்தின் வாடை.

பிரான்சி மகளின் தலையை மடியில் வைத்தாள். கைப்பையிலிருந்து சுகர் மீட்டரை எடுத்து, விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அதில் வைத்தாள். மீட்டர் எண் காட்டவில்லை. எண்ணுக்கு அடங்காத அளவு என்று ஒரு சொல்தான் காட்டியது. டாக்டருக்கு ஃபோன் போட்டாள். அவர் அளவு சொன்னார். ஃபிளாஸ்க்கைத் திறந்து ஊசியை எடுத்தாள். மருந்தை ஏற்றி, மகளின் வயிற்றில் போட்டாள்.

வாசலில் பெனடிக்ட் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். டோனி அவர் தோளில் கையை வைத்திருந்தார்.

"நாளைக்கு விட்டுடலாம்னுதான் இருந்தேன்," என்றார் பெனடிக்ட் தரையைப் பார்த்து. "இன்னிக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகிட்ட ரிப்போர்ட் கொடுக்கப் போறேன்னு சொன்னா. பூசை முடிஞ்சதும் பேசலாம்னு கார்ல கூட்டிட்டு வந்துட்டேன். சரக்கை இடம் மாத்த ரெண்டு நாள் போதும்னு நினைச்சேன். நேத்து அந்த பங்களாவைப் பார்க்க யாரோ வந்துட்டாங்க, அதான் மாத்தி மாத்தி..."

"ஊசி இல்லாம இருக்க முடியாதுன்னு அவ சொல்லலையா?" என்றாள் மஜீதா.

"சொன்னா. கெஞ்சினா." அவர் குரல் உடைந்தது. "நடிக்கிறான்னு நினைச்சேன்."

இன்ஸ்பெக்டரின் ஜீப்பும் ஆம்புலன்ஸும் ஒன்றன் பின் ஒன்றாக வாழைத் தோப்புக்குள் நுழைந்தன. இன்ஸ்பெக்டர் பெனடிக்டை ஏற்றிக்கொண்டார். பங்களாவிலிருந்த மூட்டைகளுக்குக் காவல் போட்டார்.

புத்தூர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருந்த நாற்காலிகளில் அவர்கள் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இருதயநாதன் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். டோனியின் கையில் யாரோ கட்டுப் போட்டுவிட்டார்கள். மஜீதா ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எழுந்து நின்றாள். இந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மன்னார்புரத்துப் பலகையைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்திருந்தாள்.

ஏழு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். "ரொம்ப ஓரத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்கா. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா கஷ்டம். முழிச்சிட்டா. ரெண்டு பேர் போய்ப் பாருங்க, அதிகம் பேச வைக்காதீங்க."

பிரான்சி மஜீதாவின் கையை விடாமல் இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆன்சியின் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாவைப் பார்த்ததும் கண்ணோரம் நீர் வழிந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு பேச முயன்றாள்.

"பேசாதடி," என்றாள் பிரான்சி.

"பேசணும்மா. அந்தப் பொடி ஏற்கெனவே போயிடுச்சு. நூத்துக்கணக்குல. ரெண்டு பேருக்கு மஞ்சள் காமாலை வந்துடுச்சு. ஆர்டர் பண்ணினவங்க நம்பரை எல்லாம் எழுதி வச்சிருக்கேன். வீட்டுல, என் ஜெபப் புத்தகத்துக்குள்ள."

பிரான்சி தன் கைப்பையைத் திறந்தாள். மகள் திரும்பி வரணும் என்று நேற்றிலிருந்து அந்தப் புத்தகத்தைத்தான் பையிலேயே வைத்திருந்தாள். பிரித்தாள். நான்காக மடித்த தாள்கள் மூன்று இருந்தன. பொடி எழுத்தில் பெயர்கள், ஊர்கள், எண்கள். தஞ்சாவூர், அரியலூர், முசிறி, லால்குடி.

"எல்லாரும் என்னை மாதிரி சுகர்க்காரங்கம்மா," என்றாள் ஆன்சி. "இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி கலக்கிக் குடிப்பாங்க."

"நீ தூங்கு. நான் பார்த்துக்கறேன்."

அதிகாரிகள் அவர்கள் வழியில் கடை கடையாகப் போவார்கள். இன்ஸ்பெக்டர் அதற்கான ஏற்பாட்டில்தான் இருந்தார். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. வெளியே வந்து பிரான்சி மூன்று தாள்களையும் பிரித்தாள். ஒன்றை மஜீதாவிடம் கொடுத்தாள். ஒன்றை டோனியும் இருதயநாதனும் தங்களுக்கு நடுவில் நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். மூன்றாவதைத் தன் முழங்காலில் விரித்து, முதல் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு வயதான குரல், "யாருங்க?" என்றது.

"வணக்கம்ங்க. என்னை உங்களுக்குத் தெரியாது," என்றாள் பிரான்சி. "நான் ஆன்சியோட அம்மா பேசறேன். சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு கருப்புப் பொடி குடிப்பீங்கள்ல? அதை இன்னிக்குக் குடிக்காதீங்க. கையில இருந்தா கீழ வச்சிடுங்க."

மறுமுனையில் டம்ளர் ஒன்றை மேஜை மேல் வைக்கும் சத்தம் கேட்டது.

பிரான்சி அந்தப் பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டாள். அப்போதுதான், அன்றைக்கு முதல் தடவையாக, அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுத்த எண்ணை அழுத்தினாள்.